நெஞ்செரிவும் புளியேப்பமும்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொத்துவிலிலிருந்து வாகரை வரை எந்தப் பாமசியில் கொஞ்ச நேரம் நின்றாலும், "கேஸ்ட்ரிக்குக்கு ஒரு அட்டை தாங்க" என்று யாராவது கேட்பது காதில் விழும். வாங்குகிறவருக்கு உண்மையில் என்ன வருத்தம், அந்தக் குளிசையை எப்போது போட வேண்டும், எதை மாற்றினால் குளிசையே தேவைப்படாமல் போகும் என்பதையெல்லாம் நின்று சொல்ல அங்கே நேரம் கிடைப்பதில்லை. வழக்கமாக வருகிற கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே இங்கே பதில் சொல்கிறேன்.

சாப்பிட்டால் நெஞ்சு ஏன் எரிகிறது?

சாப்பாடு இறங்குகிற உணவுக்குழாய், நெஞ்சுக்கூட்டுக்குள் இருதயத்துக்குப் பின்னால் இறங்கி இரைப்பையில் போய்ச் சேர்கிறது. சேருமிடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரங்களில் இறுகி இருப்பதுதான் அதன் வேலை. உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் மட்டம் ஏறினால் வான்கதவு திறப்பதுபோல, இரைப்பை நிரம்பி விரியும்போது இந்தத் தசையும் அடிக்கடி தளர்ந்து கொடுக்கிறது. அந்த நேரத்தில் இரைப்பையில் இருக்கும் அமிலம் மேலே ஏறிவிடுகிறது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உட்பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அது இல்லை. அதனால்தான் வயிற்றில் இருக்கும்வரை எதுவும் செய்யாத அமிலம் நெஞ்சுக்கு வந்ததும் எரிகிறது.

எப்போதாவது வயிறு முட்டச் சாப்பிட்ட நாளில் எரிந்தால் அது நோய் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் எரிகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் கவனிக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள், தொப்பை விழுந்தவர்கள், இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்தகட்டைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருப்பவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக வரும்.

எனக்கு எரிவு இல்லை. ஆனால் காலையில் குரல் அடைக்கிறது, வறட்டு இருமல் போகவே இல்லை. இதுவும் அதுதானா?

இருக்கலாம். படுத்திருக்கும்போது அமிலம் தொண்டை வரை வந்து போனால் எரிவே தெரியாமல் இருமலும், குரல் கரகரப்பும், தொண்டையில் ஏதோ உருண்டு நிற்பது போன்ற உணர்வும் வரும். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர்கள், பள்ளிவாசலில் பயான் செய்கிறவர்கள், கோயிலில் பதிகம் ஓதுகிறவர்கள் குரலைத்தான் முதலில் குறை சொல்வார்கள். வாயில் திடீரென்று உப்பாக எச்சில் ஊறுவது, குனிந்தால் புளிப்புத் தண்ணீர் மேலே வருவது, பல்லின் உட்பக்க எனாமல் தேய்வது எல்லாம் இதே கூட்டம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அமிலத்தின் மேல் பழியைப் போடுவது அதற்கு அப்புறம்.

கேஸ்ட்ரிக், அல்சர், நெஞ்செரிவு எல்லாம் ஒன்றா?

இல்லை. இரைப்பையின் உட்சுவர் வீங்குவது ஒன்று. அதில் புண் விழுவது இன்னொன்று. அமிலம் மேலே ஏறுவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியாவோ, வலிக்குளிசைகளோ காரணம். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் இரண்டு வகை அன்டிபயோட்டிக்கும் அமிலக் குறைப்பு மருந்தும் சேர்த்து ஒன்று, இரண்டு வாரம் கொடுத்துக் குணப்படுத்துவார்கள். மேல்வயிற்றில் கிள்ளுவது போன்ற வலி, பசித்தால் கூடுவது, சாப்பிட்டால் குறைவது இந்த முதல் இரண்டின் பக்கம். சாப்பிட்ட பிறகு, படுத்தால், குனிந்தால் நெஞ்சில் எரிவது அமிலம் ஏறுகிற பக்கம். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

நெஞ்சு வலித்தால் அது கேஸா, ஹார்ட் அட்டாக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுகிற கேள்வி இதுதான். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "கேஸ்தான், ஒரு சோடா உடைத்துக் குடித்துவிட்டுப் படுங்க" என்று சொல்வது நம் ஊரில் சாதாரணம். அப்படிப் படுத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது இருதயத் தசையின் ஒரு பகுதி செத்துப்போயிருக்கும்.

நெஞ்சை அழுத்துகிற, இறுக்குகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, நடந்தால் கூடி நின்றால் குறைவது ஆகியவை இருதயத்தின் அடையாளங்கள். எரிவாக, தொண்டையை நோக்கி ஏறுவதாக, வாயில் புளிப்போடு, சாப்பாட்டுக்குப் பின் வந்தால் அமிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தப் பிரிப்பை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் ஹார்ட் அட்டாக்கே வெறும் மேல்வயிற்று எரிவாகவும் ஓங்காளமாகவும் வருவதுண்டு. அமில மருந்து குடித்துக் குறைந்தது என்பதும் சாட்சி ஆகாது. இருதய வலியும் தானாகக் கொஞ்ச நேரம் குறைந்து திரும்ப வரும்.

நாற்பதைத் தாண்டியவருக்கு, அல்லது சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், சிகரெட் இவற்றில் ஏதாவது உள்ளவருக்குப் புதிதாக நெஞ்சில் ஏதாவது வந்தால், 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் தானே ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். எடுத்துப் பார்த்து "கேஸ்தான்" என்று திருப்பி அனுப்பினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால், இன்னொன்று எடுக்கவும் இருதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடுகிற ட்ரோபோனினைப் பார்க்கவும் அங்கேயே இருங்கள்.

உறைப்பை முற்றாக நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் கறிக்கு அது நடக்குமா?

முற்றாக நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. கொச்சிக்காய், ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயை எரிக்கும். ஆனால் வளையத் தசையைத் தளர்த்துவதிலும், சாப்பாட்டை இரைப்பையில் நீண்ட நேரம் தங்க வைப்பதிலும் பெரிய பங்கு கொழுப்புக்கும் அளவுக்கும்தான். முதல் பால் ஊற்றிக் குறுக்கிய கறி, பொரித்த இறைச்சி, நெய் மிதக்கிற புரியாணி, இரவு பதினொரு மணிக் கொத்து ரொட்டி இவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்குப் புளியாணம் ஒத்துக்கொள்ளாது, இன்னொருவருக்கு அது ஒன்றும் செய்யாது. தேசிக்காய், தக்காளி, அன்னாசி, மாங்காய், சொக்லட், கோப்பி, வெறும் வயிற்றில் குடிக்கிற சாயம் கூடிய பிளேன்டீ, பச்சை வெங்காயச் சம்பல் ஆகியவை அடிக்கடி பிடிபடுகிறவை. இரண்டு வாரம் ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது என்று எழுதிப் பாருங்கள். நிறுத்த வேண்டியது மூன்றோ நாலோ பொருள்தான் என்று தெரியவரும். அவற்றை மட்டும் நிறுத்தினால் போதும். ஊரில் உள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சோறும் பருப்புமாக இருப்பவர்கள் ஒரு மாதத்தில் களைத்துப்போய்ப் பழையபடி திரும்பிவிடுகிறார்கள்.

இடியப்பமும் மீன் சொதியும், பிட்டும் வாழைப்பழமும், அவித்த மீனும், கீரைக் கடையலும் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. எருமைத் தயிர் பகல் சாப்பாட்டோடு ஒரு கரண்டி என்றால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் பாணி ஊற்றி ஒரு கோப்பை என்றால் அதன் கொழுப்பு வேலையைக் காட்டும்.

கடை பூட்டி வீட்டுக்கு வரவே பத்து மணி. சாப்பிட்டதும் படுக்கத்தானே முடியும்?

படுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டு முடிப்பது, நான் அறிந்தவரை எந்த மருந்துக்கும் குறையாத பலன் தருகிறது. நேரத்தை மாற்ற முடியாதவர்கள் சாப்பாட்டைப் பிரிக்கலாம். மாலை ஆறரை, ஏழு மணிக்குக் கடையிலேயே பிரதான சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடியப்பமோ ஒரு கோப்பை கஞ்சியோ மட்டும் எடுங்கள். சோற்றுக் கோப்பையைப் பகலுக்கு நகர்த்துங்கள்.

படுவான்கரையிலும் அம்பாறைப் பக்க வயல்களிலும் யானைக் காவலுக்குப் பரணில் கிடக்கிறவர்களின் நிலை இன்னும் கஷ்டம். ஒன்பது மணிக்குப் பார்சலைப் பிரித்து, சாப்பிட்ட கையோடு பலகையில் சாய்ந்துவிடுவார்கள். அவர்கள் பார்சலை வெயில் இறங்கும்போதே சாப்பிட்டுவிட்டு, இரவில் விழித்திருக்க பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொள்ளலாம். படுக்கும்போது இடது பக்கம் சரிந்து படுப்பது நல்லது. அந்தப் பக்கம் படுத்தால் இரைப்பையின் வாய் அமில மட்டத்துக்கு மேலே நிற்கும். வலது பக்கம் என்றால் எதிர்மாறாகிவிடும்.

மூன்று தலையணை வைத்தும் இரவில் புளிப்பு ஏறுகிறதே?

தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும்தான் மடியும். வயிறு நசுங்கி அமுக்கம் கூடி, எரிவும் கூடும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரமான மரக்கட்டை வையுங்கள். உடம்பு முழுக்க ஒரே சரிவில் கிடக்கும். கட்டை வழுக்காமல் இருக்க நடுவில் கொஞ்சம் குழி வெட்டித் தரச் சொன்னால் தச்சர் செய்து தருவார். பாயில் படுக்கிறவர்கள் மெத்தையையோ தடித்த போர்வைகளையோ மடித்து, இடுப்பிலிருந்து தலை வரை சரிவாக வரும்படி கீழே வைக்கலாம். சாரத்தையோ பாவாடை நாடாவையோ இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்காதீர்கள்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது? விரதத்துக்கும் இதே பதில்தானா?

நோன்பு பிடிப்பதால் மட்டும் இது கூடுவதில்லை. கூடுவது திறக்கும் நேரத்திலும் ஸஹர் முடிந்த பிறகும். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சியோடு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து மெதுவாகச் சாப்பிடுங்கள். ரோல்ஸ், சமூசா, வடையெல்லாம் ஒரே இருப்பில் இறங்கினால் தராவீஹில் ருகூவுக்குக் குனியும்போதே தெரியும். ஸஹர் சாப்பிட்டுச் சுபஹ் தொழுததும் படுத்துவிடுவதுதான் மிகப் பெரிய தொல்லை. முடிந்தால் ஸஹர் சாப்பாட்டைச் சின்னதாக்குங்கள். படுத்தே ஆக வேண்டும் என்றால் சரிவில், இடது பக்கம் படுங்கள். தினமும் ஒரு குளிசை போடுகிறவர்கள் டொக்டரிடம் கேட்டு, அதை ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் மாற்றிக்கொள்ளலாம்.

கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதங்களில் நாள் முழுக்க இருந்துவிட்டு ஒரே நேரம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கணக்கு. பாரணையை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டால் நல்லது. குடல் புண்ணில் இரத்தம் போனவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் நோன்போ விரதமோ பிடிக்க வேண்டாம்.

வெற்றிலை போட்டால் சாப்பாடு செமிக்கும் என்கிறார்களே?

புகையிலை சேர்ந்த வெற்றிலையில் இருக்கிற நிக்கொட்டின் வளையத் தசையைத் தளர்த்தும். சிகரெட்டும் பீடியும் அப்படித்தான். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் சேர்த்தே கேடு. சாராயமும் கசிப்பும் தசையையும் தளர்த்தும், உணவுக்குழாயின் தோலையும் உரிக்கும். இவற்றில் மிதமாக என்று எதையும் நான் சொல்லப்போவதில்லை.

வயலில் இறங்க எலிக்காய்ச்சலுக்குத் தந்த குளிசை போட்டதும் நெஞ்சில் குத்துகிறது. ஏன்?

அது டொக்சிசைக்கிளின். பெரும்போகம் தொடங்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வாரம் ஒருமுறை 200 மி.கி. என்று தருவார்கள். நல்ல பாதுகாப்பு; அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்தால் குளிசை உணவுக்குழாயின் நடுவிலே ஒட்டிக் கரைந்து, அந்த இடத்தைப் பொசுக்கிப் புண்ணாக்கிவிடும். எச்சில் விழுங்கினாலே குத்தும். சாப்பிட்ட பிறகு, நின்றோ நிமிர்ந்து இருந்தோ, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு போடுங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். இரும்புக் குளிசை, கல்சியம், அமிலத்தைத் தணிக்கிற பாணி இவற்றை அதோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் ஏறாது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். குத்து இரண்டு நாளில் குறையாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கூடாது.

நாற்று நட்டு முதுகு வலித்தால் போடுகிற டைக்ளோபெனக், ஐபுபுரோபன் இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்கும். சாதாரண வலிக்குப் பனடோல் போதும். பிரஷருக்குத் தரும் நிபெடிபின், அம்லோடிபின், இழுப்புக்குத் தரும் தியோபிலின் ஆகியவையும் சிலருக்கு நெஞ்செரிவைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

ஒமெப்ரசோல் போட்டும் எனக்குக் குறையவில்லை. மருந்து சரியில்லையா?

பெரும்பாலும் நேரம்தான் சரியில்லை. ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், பன்டோபிரசோல் எல்லாம் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கிற மருந்துகள். அந்தப் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் வேலை செய்யத் தொடங்கும். வேலை செய்கிற பம்பைத்தான் மருந்து அடைக்கும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் போட வேண்டும். எரிந்த பிறகு ராத்திரி ஒன்று, அடுத்த கிழமை ஒன்று என்று போட்டால் பயன் குறைவு. முழுப் பலன் தெரியச் சில நாள் எடுக்கும். கடித்தோ பொடித்தோ விழுங்கக் கூடாது.

உடனடி எரிவுக்கு அலுமினியமும் மக்னீசியமும் சேர்ந்த வெள்ளைப் பாணி சில நிமிடத்தில் கேட்கும்; சீக்கிரம் போயும் விடும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. அல்ஜினேட் பாணி சாப்பாட்டுக்குப் பிறகு இரைப்பையில் உள்ளவற்றின் மேல் மிதந்து அமிலத்தைத் தடுக்கும். பழைய வீட்டுப் பெட்டியில் ரனிடிடின் கிடந்தால் எறிந்துவிடுங்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு கண்டுபிடிக்கப்பட்டு, 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது பமோடிடின் தருகிறார்கள்.

எத்தனை மாதம் போடலாம்? நிறுத்தினால் முன்பைவிடக் கூடுகிறதே?

வழக்கமாக 4 முதல் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகும் தேவையா என்று டொக்டர் முடிவு செய்ய வேண்டும். உணவுக்குழாயில் கடும் புண் உள்ளவர்களுக்கும், இருதயத்துக்கு அஸ்பிரின் போடும் சிலருக்கும் நீண்ட காலம் தேவைப்படும். அவர்கள் பயந்து நிறுத்தக் கூடாது. காரணமே இல்லாமல் வருடக்கணக்கில் பாமசியில் வாங்கிப் போடுகிறவர்களுக்கு விட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் வாய்ப்புக் கொஞ்சம் கூடலாம். இரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தரும் குளோப்பிடொக்ரல் போடுகிறவர்களுக்கு ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் பொருந்தாது.

பல மாதம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அடைத்து வைத்த அமிலம் சில வாரம் கூடுதலாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குகிறார்கள். டொக்டர் சொல்கிறபடி அளவைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, இடையில் எரிந்தால் அல்ஜினேட் குடித்துக் கடந்துவிடலாம்.

ஈனோ, பால், இஞ்சி, ஓமத் தண்ணீர்?

ஈனோவில் சோடியம் அதிகம். பிரஷர்காரருக்கு வேண்டாம். பால் குடித்ததும் சுகமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அமிலத்தைக் கூட்டும். ஜிஞ்சர் பீர் உட்பட எல்லாச் சோடாவும் வாயுவால் இரைப்பையை ஊதி ஏப்பத்தோடு அமிலத்தைக் கொண்டுவரும். ஏப்பம் வந்ததும் சுகம் என்று தோன்றுவதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. மல்லித் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் இளஞ்சூட்டில் கொஞ்சம் குடிப்பதால் கேடில்லை, வயிற்று ஊதலுக்கு இதமாக இருக்கும். மின்ட் இனிப்பு தசையைத் தளர்த்தும். தேசிக்காய்த் தண்ணீரும் வினிகரும் வேண்டாம்.

ஏழு மாதக் கர்ப்பம். இரவெல்லாம் எரிகிறது.

ஹோமோன் தசையைத் தளர்த்துகிறது, கர்ப்பப்பை கீழிருந்து தள்ளுகிறது. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போய்விடும். ஆறு சின்னச் சாப்பாடாகப் பிரியுங்கள், சரிவில் படுங்கள். அல்ஜினேட் பாணி கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆனால் மேல்வயிற்றின் வலப்பக்க வலியோடு தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம் இருந்தால் அதை எரிவு என்று விடாதீர்கள். அது கர்ப்பகால பிரஷராக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எப்போது கமரா விட்டுப் பார்க்க வேண்டும்?

விழுங்கும்போது சாப்பாடு சிக்கினால், முதலில் சோறு, பிறகு தண்ணீரும் சிக்கினால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். காரணமில்லாமல் மெலிவது, இரத்த வாந்தி, தார்போல ஒட்டுகிற கறுப்பு மலம், இரத்தச்சோகை, விடாத வாந்தி, 60 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய எரிவு ஆகியவையும் அப்படியே. இரும்புக் குளிசையாலும் மலம் கறுக்கும் என்பதால் போடுகிற மருந்தைச் சொல்லிவிடுங்கள். இரத்த வாந்தியோ தார் மலமோ என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் ஊர் வைத்தியசாலை டொக்டரிடம் முதலில் காட்டினால், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். பரிசோதனைக்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. தொண்டை மரக்க மருந்து அடித்து, விரலளவுக் குழாயை விடுவார்கள். சில நிமிட வேலை. ஓங்காளம் வரும், மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் சமாளிக்கலாம். போகும்போது இதுவரை வாங்கிப் போட்ட மருந்துகளின் வெறும் அட்டைகளையும் எழுதி வைத்த கொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மயக்க ஊசி தந்தால் அன்று வாகனம் ஓட்ட முடியாது, கூட ஒரு ஆள் வர வேண்டும்.